திருப்பி வாங்கிய பதாகைகள்

கிளிநொச்சியில் எங்கள் அச்சகத்தின் பின்பக்கம் தகரம் போட்ட ஒரு கொட்டில் இருக்கிறது. முன்பு அதில் தாள்கட்டுகள் அடுக்கியிருந்தோம். இப்போது பெரும்பாலும் இறந்தவர்களின் படங்கள் இருக்கின்றன.

சிறிய அச்சகம் ஒன்று மண்ணையும் காற்றையும் கெடுக்காமல் எப்படித் தொழில் செய்யலாம் என்று, கிடைத்ததையெல்லாம் நான் வாசித்துக்கொண்டிருந்த காலம் அது. வெட்டி எஞ்சிய தாள்களைச் சிறு கொப்பிகளாகக் கட்டிப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். மை துடைத்த துணிகளைக் கிணற்றடியில் கழுவுவதை நிறுத்தினேன். இவையெல்லாம் என் கைக்குள் இருந்தவை. பிளாஸ்டிக் பதாகை அப்படியில்லை. வாசலைத் தாண்டியதும் தெருச் சந்திகளுக்கும் வேலிகளுக்கும் போய், வெயிலில் வெளிறிக் கிழிந்து, கடைசியில் குப்பைமேட்டில் எரிந்தது. அந்தப் புகை எங்கள் பக்கம் வீசும் நாட்களில் என் மனைவிக்கு மூச்சு இழுக்கும். நாங்கள் அச்சடித்தது எதுவும் அங்கே எரியக்கூடாது என்று தீர்மானித்தேன்.

சிறுபோக அறுவடைக்கு முந்திய கிழமை, எங்களிடம் அடித்த பழைய பதாகைகளைத் திருப்பி வாங்குகிறோம் என்று வாசலில் எழுதிவைத்தேன். நெல் காயவிடுகிறவர்களுக்கு நிலத்தில் விரிக்கும் படங்கு எப்போதும் போதாது. அவர்களுக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம். முதலில் வந்தவை கடைத் திறப்புவிழாவும் விளையாட்டுப் போட்டியும் தேர்தலும். கண்டாவளையிலிருந்து வந்த கமக்காரர் ஒருவர், எங்கள் பழைய வாடிக்கையாளர், தேர்தலில் தோற்ற ஒருவரின் பதாகையைக் கொண்டுபோய் அதில் நெல் காயவிட்டார். இப்போதுதான் இவர் சனத்துக்கு உதவுகிறார் என்று பிறகு வந்து சொன்னார்.

அடுத்து வந்தவை கண்ணீர் அஞ்சலிப் பதாகைகள். முப்பத்தோராம் நாள் சடங்கும் முதலாண்டு ஆட்டைத் திவசமும் முடிந்த பின், எறியவும் மனமில்லாமல் எரிக்கவும் மனமில்லாமல் அலுமாரிக்கு மேலே சுருட்டி வைத்திருந்தவை. தந்துவிட்டுத் திரும்பும்போது கொண்டுவந்தவர்களின் நடை இலேசாக இருந்தது. ஒவ்வொன்றின் பின்புறத்திலும் வந்த திகதியை எழுதினேன். அது என் பழக்கம். பஸ் டிக்கெட்டில்கூட எழுதுவேன்.

மறுபடி படங்குக்கு வந்த கமக்காரர் ஒன்றை விரித்துப் பார்த்தார்.

"இது எனக்குப் படிப்பிச்ச வாத்தியார் எல்லே. இவரின்ர முகத்தில ஏறி நிண்டு காலால நெல்லுத் துழாவுறதோ?"

குப்புறப் போடலாமே என்றேன்.

"அது இன்னும் மோசம், அண்ணை."

முகத்தை மட்டும் வெட்டி எடுத்துவிட்டுத் தரட்டுமா என்று கேட்டேன்.

"ஓட்டைப் படங்கு எனக்கென்னத்துக்கு? வெட்டின முகத்தை நீங்கள் என்ன செய்வியள்?"

அவர் வாத்தியாரைப் பக்குவமாகச் சுருட்டித் தந்துவிட்டு, தேர்தல் பதாகை இன்னும் இருக்கிறதா என்று கேட்டார்.

வாசலில் எழுதியதை அழித்தேன். அதற்குப் பிறகும் கொண்டுவந்தார்கள். கொழும்பில் பிளாஸ்டிக்கை உருக்கும் ஓரிடத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அச்சடித்தவற்றை அவர்கள் எடுப்பதில்லை. புதிதாகப் போவதையாவது குறைக்கலாம் என்று பருத்தித் துணியில் அச்சடித்துப் பார்த்தேன். பரந்தனில் கணவரை இழந்த ஓர் அம்மா அதற்குச் சம்மதித்தார். அது கார்த்திகை. மழை விட்ட ஒரு காலையில் போய்ப் பார்த்தபோது, படத்தில் கண்களிலிருந்து கழுத்துவரை மை ஒழுகியிருந்தது. அவர் கோபிக்கவில்லை.

"அந்த மனுசன் உயிரோட இருக்கேக்கை ஒருநாளும் அழுததில்லைத் தம்பி. ஊர் பாக்க இப்பிடி விடேலாது."

அன்று பின்னேரமே பிளாஸ்டிக்கில் அடித்துக் கொண்டுபோய்க் கட்டினேன்.

கொட்டில் நிறைந்தது. பங்குனி வெயிலில் கதவைத் திறந்தால் பிளாஸ்டிக் மணம் முகத்தில் அடிக்கும். மனைவி சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொள்வாள்.

"வெளியில எரிஞ்சால் ஊருக்குப் புகை. உள்ளுக்கை வைச்சால் எனக்கு மணம். நல்ல யாவாரமப்பா."

ஆட்டைத் திவசத்துக்குக் கொஞ்ச நாள் இருக்க, பரந்தன் அம்மா வந்தார். பழைய பதாகையை வெள்ளைச் சேலை ஒன்றில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார். எங்கே வைப்பேன் என்று பார்க்கவேண்டும் என்றார். கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன். மூக்கைப் பொத்தாமல் உள்ளே வந்தார். இதில் ஆரெல்லாம் இருக்கினம் என்று கேட்டார். நினைவில் இருந்தவர்களைச் சொன்னேன். வாத்தியாரைச் சொன்னதும் அவர் முகம் தெளிந்தது.

"பின்னேரத்தில அவரோடதான் இவர் கதைச்சுக்கொண்டு இருக்கிறவர்."

வாத்தியாரின் சுருளைக் காட்டச் சொல்லி, அதற்குப் பக்கத்தில் கணவரின் சுருளை நிமிர்த்தி வைத்தார்.

"எரிக்கமாட்டியள்தானே?"

இல்லை என்றேன். வேறு என்ன சொல்ல முடியும்? பிறகு முன்பக்கம் வந்து, திவசத்துக்குப் புதிய பதாகை ஒன்று வேண்டும், அதே அளவில், துணியில் வேண்டாம் என்றார். இயந்திரத்தைப் போட்டேன். மை காயும்வரை அவர் கதிரையில் இருந்தார். நான் கொட்டிலுக்குப் போய் அவருடைய கணவரின் சுருளில் அன்றைய திகதியை எழுதினேன். வாத்தியாரின் மற்றப் பக்கத்தில் இருந்ததை நகர்த்தி, திவசம் முடிந்து வரப்போகும் புதியதற்கும் ஓர் இடம் விட்டேன்.