ஜேன் டீச்சரின் ஜாகா

மின்விசிறியை ஆட்கள் பக்கமிருந்து கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வைத்துவிட்டுத்தான் ஜேன் டீச்சர் நாற்காலியில் உட்காருகிறார். சுங்கை பட்டாணி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே நாங்களெல்லாம் வியர்த்து வழிந்துகொண்டிருப்போம். காற்று முழுவதும் மெஷினுக்கு. யாராவது முணுமுணுத்தால், "ஒங்களுக்கு வேர்த்தா தொடச்சிக்கலாம். அதுக்குக் கையா இருக்கு?" என்பார்.

கீழே துணிக்கடை, மாடியில் அவருடைய தட்டச்சு வகுப்பு. மூன்று வருடத்துக்கு முன் பினாங்கில் இந்தக் கம்ப்யூட்டரை வாங்கி, பஸ்ஸில் மடியில் வைத்தபடியே ஊர் வந்து சேர்ந்தவர். நான் என் கட்டுரைகளைத் தட்டச்சு செய்யக் கொடுக்கப் போகிறவன். ஒரு பக்கம் முடிவதற்குள் எனக்கு அரைப் பாடம் நடத்திவிடுவார், நான் கேட்டாலும் கேட்காவிட்டாலும்.

அவர் சொல்லித்தருவது பேசிக் என்கிற கம்ப்யூட்டர் மொழி. அதில் எண்களைப் போட்டு வைக்கப் பெட்டிகள் உண்டு. பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம். தொல்லை என்னவென்றால், எதை எந்தப் பெட்டியில் போட்டாலும் அது ஏன் என்று கேட்காது. இல்லாத பெட்டியைத் திறக்கச் சொன்னால்கூட ஒரு பூஜ்யத்தை எடுத்து நீட்டும். மாணவி ஒருத்தி தன் வயதையும் பஸ் நம்பரையும் பெருக்கிவிட்டாள். மெஷின் சந்தோஷமாக விடை சொன்னது. வகுப்பே சிரித்தது. ஜேனுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. "ரொம்ப நல்ல பிள்ளை லா இது. யாரு வந்தாலும் கதவத் தொறந்துடுது. அதான் பயமா இருக்கு," என்றார்.

அதற்காகவே ஒரு புரோகிராம் எழுதி, அதற்கு ஜாகா என்று பெயரும் வைத்தார். ரப்பர் தோட்டத்து வாசலில் நின்று போகிறவர் வருகிறவரை விசாரிக்கிற காவல்காரரை நாம் அப்படித்தானே கூப்பிடுகிறோம். இந்த ஜாகா, எந்தப் புரோகிராமையும் ஓடவிடும் முன் வரிவரியாகப் படிக்கும். என்னென்ன பெட்டி, உள்ளே இருக்கப்போவது வயதா, எடையா, மணியா என்று ஆரம்பத்திலேயே எழுதியிருக்க வேண்டும். எழுதாத பெட்டி நடுவில் தலைகாட்டினாலோ, எடையோடு மணியைக் கூட்டினாலோ, சாலைப் பலகையில் 'நில்' என்பதற்கு எழுதியிருக்கிற 'பெர்ஹெந்தி' திரையில் வந்து நிற்கும். மாணவர்கள் தலையில் கை வைப்பார்கள். ஜேன் கைதட்டுவார்.

இந்த இடத்தில் ஜோசியர் பரஞ்சோதியைச் சொல்லியாக வேண்டும். பக்கத்து அறைக்காரர். கத்தோலிக்கரான ஜேனுக்கு ஜாதகத்தில் நம்பிக்கை கிடையாது, கணக்கில் உண்டு. பிறந்த நேரத்தைக் கொடுத்தால் நட்சத்திரத்தைச் சொல்லும் புரோகிராம் ஒன்றை அவருக்கு எழுதிக் கொடுத்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்து ஜேன் வந்து மெஷினைப் போடுவார், பரஞ்சோதி பொருத்தம் சொல்வார். கம்ப்யூட்டர் ஜாதகம் என்றதும் மாடிப்படி வரை கூட்டம்.

சுங்கை லாலாங் மனோகரனுக்கும் மெர்போக் மருதம்மாளின் மகளுக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே பஸ். பிடித்துப்போய்விட்டது. பெரியவர்களும் ஒருவழியாக இறங்கி வந்தார்கள். ஜாதகத் தாளில் மட்டும் பொருத்தம் இல்லை என்று வந்தது. மனோகரனின் அப்பா அம்மாசி, மருதம்மாள் வீட்டுக்கே போய் வேண்டாம் என்று சொல்லிவிட்டுத் திரும்பினார். அந்தப் பெண் அதன்பிறகு வேறு பஸ்ஸில் போகிறாள் என்று கேள்விப்பட்டேன்.

போன மாதம் ஜேன் அந்த ஜாதகப் புரோகிராமையும் ஜாகாவிடம் அனுப்பத் தயார் செய்தார். பெட்டிகளை வரிசையாக எழுதிக்கொண்டு வந்தவர், பிறந்த மணி என்ற இடத்தில் நின்றுவிட்டார். எண்பத்திரண்டாம் ஆண்டு தொடங்கியபோது நாடே கடிகாரத்தை அரைமணி முன்னால் தள்ளி வைத்தது நினைவிருக்கும். ஆகவே பழைய மணி ஒரு வகை, புது மணி இன்னொரு வகை என்று எழுதினார். ஜாகா உடனே நிறுத்தியது. நட்சத்திரக் கணக்குக்காகப் பிறந்த மணியை லண்டன் நேரத்துக்கு மாற்ற, எட்டு மணி நேரம் கழிக்கிற வரி அது. எட்டு என்பது புதுக் கணக்கு. பழைய கணக்குக்கு ஏழரைதான். கல்யாண வயதில் இருக்கிறவர்கள் எல்லாருமே பழைய மணியில் பிறந்தவர்கள்.

சத்தமில்லாமல் திருத்திவிடும்படி பரஞ்சோதி கெஞ்சினார். "டீச்சர், முந்தி மெஷின் பதில் சொல்லுச்சு, இப்பக் கேள்வி கேக்குது. ஜனங்க பதிலுக்குத்தான் வர்றாங்க லா." ஜேன் காதில் போட்டுக்கொள்ளாமல் எல்லாத் தாள்களையும் மறுபடி போட்டார். பெரும்பாலோருக்கு ஒன்றும் மாறவில்லை. மனோகரனுக்கு நட்சத்திரமே மாறியது. பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று பரஞ்சோதியே சொல்ல வேண்டி வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அம்மாசியை வரவழைத்தார்கள். நானும் இருந்தேன். அவர் இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"மொதத் தாள் பொய்யா, இது பொய்யா?"

ஜேன் கம்ப்யூட்டர் பேச்சையே எடுக்கவில்லை. கடிகாரம் மாற்றுவதற்கு முன், காலை ஆறரைக்கு ரப்பர் மரத்தடியில் எப்படி இருக்கும் என்று கேட்டார். காலமெல்லாம் பால் வெட்டியவர் யோசித்தார்.

"அப்பல்லாம் ஆறரைக்கு மரத்துல வெட்டுற கோடு தெரியும். மாத்துன பெறகு டார்ச்ச தலையில கட்டிக்கிட்டுத்தான் வெட்டுனோம்."

"அந்த ஆறரை வேற, இந்த ஆறரை வேற அண்ணே. நான் ரெண்டையும் ஒண்ணாப் போட்டுட்டேன்."

அம்மாசி முகத்தில் மெல்லச் சிரிப்பு வந்தது. எனக்கும் அப்பாடா என்றிருந்தது. ஆனால் அந்தச் சிரிப்பு நிலைக்கவில்லை. தாளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

"நானேதான் அவங்க வீட்டு வாசல்ல நின்னு வேணாம்னு சொன்னேன். இப்ப எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போறது?"

பரஞ்சோதி மேலே பார்த்தார். 'எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு' என்கிற இந்த ஒரு பேச்சால் எத்தனை கல்யாணம் நின்றிருக்கிறது என்பது எனக்குத் தெரியும்.

"நான் வர்றேன்," என்றார் ஜேன். "தப்பு பண்ணது நான்தானே."

படிக்கட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்று பரஞ்சோதி ஆரம்பிப்பதற்குள் மெஷினை அணைத்துவிட்டார். சுவரில் மாட்டியிருந்த தன் மோட்டார் சைக்கிளின் இரண்டு ஹெல்மெட்டையும் எடுத்து, ஒன்றைத் தான் போட்டுக்கொண்டு, மற்றதை அம்மாசி தலையில் கவிழ்த்தார். மெர்போக் பக்கம்தானே, எதற்கு இதெல்லாம் என்று அவர் கூச்சப்பட்டார். படியில் இறங்கும் முன் ஜேன் அவரை நிறுத்தி, தாடைக்குக் கீழே வாரை இழுத்து மாட்டி, இடையில் ஒரு விரலை விட்டு இறுக்கம் பார்த்தார்.