விருந்துக்கு எதிரே ஒரு மேசை: லண்டனில் பொறாமையோடு இரண்டு நாள்

பெப்ரவரி நடுவில் லண்டன் போய் வந்தேன். ஊர் பார்க்கப் போகவில்லை. என் மகன் நிதினுக்குப் பதினெட்டு வயதானதும் ஜெர்மன் இராணுவத்திலிருந்து கேள்விகள் வந்தன. 'சேர விருப்பம் உண்டா?' என்பதற்கு அவன் 'உண்டு' என்று பதில் அனுப்பிவிட்டான். அதற்குப் பிறகு டோர்ட்முண்டில் எங்கள் வீட்டில் சாப்பாடு, சலவை தவிர வேறு பேச்சு இல்லை.

அந்த நேரத்தில்தான் கல்பனா அழைத்தாள். யாழ்ப்பாணத்தில் ஒரே வகுப்பில் இருந்தோம். பத்து வயதில், போருக்குப் பயந்து ஊரே கிளம்பிய இடப்பெயர்வின்போது, எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே ரோட்டில் மழையில் நடந்தது. இப்போது அவள் ஹரோவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சித்திர ஆசிரியை. ஆயுதக் கம்பனிக்காரர்கள் மத்திய லண்டனில் ஒரு ஹோட்டலில் கூடி விருந்து வைக்கிறார்களாம். அதற்கு எதிரே ஐரோப்பாவின் பல நாட்டுக் கலைஞர்கள் சேர்ந்து எதிர்ப்பாக ஒரு மேசை போடப்போகிறார்களாம். நீயும் வா என்றாள்.

கொலோன், பிரசல்ஸ் வழியாக ரயில். காலையில் புறப்பட்டால் மதியத்துக்குப் பிறகு லண்டன். கடலுக்கடியில் ஓடும் அந்த இருபது நிமிடத்தில் ஒன்றும் தெரியாது, ஜன்னல் இருக்கைக்காகச் சண்டை போட வேண்டாம். செயின்ட் பாங்கிரஸில் இறங்கி மெட்ரோபொலிட்டன் லைனில் வெம்ப்ளி பார்க், அங்கே ஜூபிலி லைனுக்கு மாறினால் அடுத்த நிறுத்தமே கிங்ஸ்பரி. கல்பனாவின் வீடு அங்கேதான்.

கதவைத் திறந்தது அவளுடைய மகள் யாழினி. பத்தொன்பது வயது. கையெல்லாம் நீல மை. மேசை விஷயத்தில் முக்கால்வாசி வேலை இவள்தான் செய்கிறாள் என்று கல்பனா சாதாரணமாகச் சொன்னாள். எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது, ஆனால் அந்த இடத்திலேயே எனக்கு வயிறு எரிந்தது. ஒரே ரோட்டில் நடந்தோம், ஒரே கதையைத்தான் பிள்ளைகளுக்குச் சொல்லியிருப்போம். அவளுக்கு இப்படி ஒரு பிள்ளை, எனக்கு ஏன் அப்படி?

மறுநாள் காலை பக்கத்துத் தேவாலய மண்டபத்தில் தட்டுகளுக்கு வர்ணம் பூசினோம். போர் வந்து வீட்டை விட்டுக் கிளம்பிய நாளில் என்ன சாப்பிட்டோமோ, அதை ஒரு மண்தட்டில் வரைய வேண்டும். தட்டுகளைச் செய்துகொண்டு வந்தவர் லித்துவேனியாவிலிருந்து வந்த ஒரு பெண். இந்த வேலையில் இறங்கிய பிறகு சொந்த அண்ணன் தன்னோடு பேசுவதில்லை என்றார். எல்லைக்கு அந்தப் பக்கம் ரஷ்யா இருக்கும்போது உனக்குத் தட்டு விளையாட்டா என்று கேட்டாராம். அண்ணனின் பயமும் பொய்யில்லை என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டைத் துடைத்தார்.

கல்பனா அரை றாத்தல் ரொட்டி, எங்கள் ஊர்ப் பாண், வரைந்திருந்தாள், மழையில் ஊறியது. எல்லாரும் சுற்றி நின்று பார்த்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. அந்தப் பாண் என் அம்மா வாங்கிப் பங்கு வைத்தது. வகுப்பில் நன்றாக வரைந்தவளும் நான்தான். இதையெல்லாம் வெளியே சொல்ல முடியுமா? பாணை அவள் எடுத்துவிட்டதால் நான் வெறும் தட்டில் மழைத்துளிகளை மட்டும் வரைந்தேன்.

மாலை ஐந்து மணிக்கு கிரீன் பார்க் ஸ்டேஷனில் இறங்கி, பத்துப் பன்னிரண்டு நிமிட நடை. ஹோட்டலுக்கு எதிர் நடைபாதையில் மேசையை விரித்து, தட்டுகளை வைத்து, கதிரைகளை, உட்கார ஆளில்லாமல், காலியாக விட்டோம். இரண்டு பொலிஸார் வந்து, ஆட்கள் நடக்க வழிவிட்டு மேசையைக் கொஞ்சம் தள்ளிப் போடச் சொன்னார்கள். தள்ளினோம். அவர்கள் போய்விட்டார்கள். இதற்கும் எனக்குப் பொறாமைதான். சீருடைக்காரர் ஒருவர் கிட்ட வந்து, பேசி, திரும்பிப் போவதை மேசையருகே நின்ற யாழினி வயதுப் பிள்ளைகள் கவனிக்கக்கூட இல்லை. நான் மட்டும் பின்வாங்கி மேசைக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

யாழினி அதைப் பார்த்துவிட்டாள். தேத்தண்ணி கொண்டுவந்து தந்து, என்ன நடந்தது என்று கேட்டாள். நிதினைப் பற்றிச் சொன்னேன்.

"அன்ரி, அவன்ர நம்பரைத் தாங்கோ. நான் கதைக்கிறன்."

இருவரும் சின்ன வயதில் ஒரு கல்யாண வீட்டில் சந்தித்தவர்கள், அவ்வளவுதான் பழக்கம். ஆனாலும் அவள் மரத்தடியில் நின்று ஆங்கிலத்தில் பேசிக்கொண்டே இருந்தாள். ஒருதரம் சிரித்தாள்கூட. வீட்டில் என்னோடு ஐந்து நிமிடம் பேசாதவன்! கறுப்புக் கோட்டுக்காரர்கள் கார்களிலிருந்து இறங்கி உள்ளே போனார்கள். நான் அவர்களைப் பார்க்காமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வந்தபோது அவள் முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை.

"அவன் மாறேல்ல அன்ரி. அண்டைக்கு அந்த ரோட்டில அம்மாவைப் பாதுகாக்க ஒரு நல்ல ஆமி இருந்திருந்தா என்ன நடந்திருக்கும் எண்டு கேட்டவன்."

என் மகன் ஏன் போக நினைக்கிறான் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் சொன்ன கதையைத்தான் அவனும் கேட்டிருக்கிறான். காரணத்தை என்னிடம் சொல்லவில்லை, இவளிடம் சொல்லியிருக்கிறான். அன்றைக்குப் பட்ட பொறாமைகளில் இதுதான் மிகவும் வலித்தது.

இப்படியான இடங்களுக்குப் போக நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். ஐரோப்பியப் பாஸ்போர்ட் என்றாலும் இணையத்தில் முன் அனுமதி எடுக்க வேண்டும், கட்டணத்தை அப்போதே பாருங்கள், மாறிக்கொண்டே இருக்கிறது. தனியாகப் போகாமல் ஏற்பாட்டாளர்களோடு போங்கள், எங்கே நிற்கலாம் என்பது அவர்களுக்குத் தெரியும். தடித்த காலுறை கட்டாயம், நடைபாதைக் குளிர் காலில்தான் ஏறும். போரை எதிர்க்க வந்தவர்கள் எல்லாரும் வீட்டில் ஒற்றுமையாக இருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

டோர்ட்முண்ட் ஸ்டேஷனுக்கு நிதின் கார் கொண்டு வந்திருந்தான். நான் கேட்கவில்லை, அவனாகவே வந்திருந்தான். பெல்ட்டைப் போட்டுக்கொண்டு சொன்னேன்.

"நீ யாழினியிட்டக் கேட்டது எனக்குத் தெரியும். எங்களை ரோட்டுக்கு விரட்டினதும் ஒரு ஆமிதான் நிதின். அதில இருந்த பெடியளின்ர அம்மாமாரும், பிள்ளை நல்லதுக்குத்தான் போறான் எண்டு நினைச்சிருப்பினம்."

சிவப்பு விளக்கில் அவன் காரை நிறுத்தினான்.

"எனக்கு இன்னும் போகத்தான் விருப்பம், அம்மா."

"தெரியும். நீ போனா, நான் உன்ர காம்ப் வாசலிலயும் தட்டோட வந்து நிப்பன்."

"நெடுக நிக்க ஏலாது அம்மா, குளிரும்" என்றான். பிறகு, அந்த ரோட்டில் எவ்வளவு நேரம் நடந்தீர்கள், யார் யார் வந்தார்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்கத் தொடங்கினான். வீட்டு வாசலில் காரை நிறுத்திய பிறகும் நாங்கள் இறங்கவில்லை.