முத்தையா ஓட்டிய என் வண்டி

தேயிலைத் தோட்டப் பாதைகளுக்காக நான் வாங்கிய உயரமான மோட்டார் சைக்கிளில் உட்கார்ந்தால் கால் தரையில் எட்டாது. உயரத்தைக் குறைக்க, இருபத்தொரு அங்குல முன்சக்கரத்துக்குப் பதிலாகப் பத்தொன்பது அங்குலம் போட, ஹட்டனில் மெக்கானிக் முத்தையாவிடம் விட்டேன். "நாளைக்குத் தர்றேங்க" என்று மூன்று நாள் இழுத்தார். அதற்குள், அவர் என் வண்டியில் வட்டவளைப் பக்கம் போனதை நண்பர் ஒருவர் பார்த்துவிட்டார். ஊர் சுற்றத்தான் இழுத்தடிக்கிறார் என்று முடிவுகட்டி, கராஜுக்குப் போய் எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"யாரைக் கேட்டு என் வண்டிய எடுத்தீங்க?"

முத்தையா காற்சட்டையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கால் தோலுரிந்திருந்தது.

"சின்னச் சக்கரம் போட்டதும் முன்பக்கம் மட்டும் தாழ்ந்து, வளைவுல வண்டி மடங்கி விழுந்துட்டேங்க சார். அதுக்கேத்தாப்ல பின்பக்கத்தயும் இறக்கிட்டேன். இறக்கத்துல ஓட்டிப் பார்க்காம எப்படிங்க உங்ககிட்ட குடுக்கிறது?"

நான் விழ வேண்டிய இடத்தில் அவர் விழுந்திருந்தார். சாவியை வாங்கினேன், மன்னிப்புக் கேட்காமலே வண்டியைக் கிளப்பினேன். அதன்பின் எத்தனையோ முறை அவரிடம் போயிருக்கிறேன். அந்த ஒரு சொல்லை மட்டும் இன்னும் சொல்லவில்லை.