கூண்டுக்குக் கீழே ஒரு கை

அந்த மண்டபத்தில் தமிழில் கேட்க ஒருவரும் இல்லை என்று நான் நம்பினேன். மனதுக்குள் மட்டும் நம்பியிருந்தால் தப்பியிருப்பேன். அதை மைக்கிலேயே சொன்னதுதான் வினை.

இரண்டு வருடங்களுக்கு முன் நடந்தது. கொழும்பில் ஒரு பல்கலைக்கழகம், கல்வியில் சமத்துவம் பற்றிப் பொது விரிவுரை வைத்திருந்தது. பேசியவர் ஒரு பேராசிரியை, ஆங்கிலத்தில். சிங்களத்திலோ தமிழிலோ கேட்க விரும்புபவர்களுக்கு வாசலில் ஹெட்போன் கொடுத்தார்கள். வெள்ளவத்தையில் பிறப்புச் சான்றிதழும் காணி உறுதிப் பத்திரமும் மொழிபெயர்த்துப் பிழைக்கும் என்னைத் தமிழ் ஹெட்போனுக்குள் பேச அழைத்திருந்தார்கள்.

மண்டபத்தின் பின்புறம், மாடியில், இரண்டு கண்ணாடிக் கூண்டுகள். ஒன்றில் சிங்களத்துக்கு ஒரு பெண்மணி, மற்றதில் நான். வழக்கமாக இருவர் மாறி மாறிப் பேசுவோம். அன்று என் கூட்டாளிக்குக் காய்ச்சல், தனியே அகப்பட்டுக்கொண்டேன். கீழே எட்டிப் பார்த்தேன். தமிழ் முகங்கள் தெரிந்தன, பாதிப்பேர் வெள்ளவத்தையில் எனக்குத் தெரிந்தவர்கள். ஒருவர் காதிலும் ஹெட்போன் இல்லை. எல்லோரும் ஆங்கிலத்திலேயே தலையாட்டிக்கொண்டிருந்தார்கள்.

அரைமணி நேரம் ஒழுங்காகத்தான் பேசினேன். பிறகு தொண்டை வறண்டது, வாய்க்குக் கொழுப்பு வைத்தது. "எப்படியும் ஒருத்தரும் கேக்கேல்லை, நான் ஏன் மினக்கெடுறன்?" என்று மைக்கிலேயே கேட்டேன். மறுப்பு வரவில்லை. அவ்வளவுதான், கச்சேரி களைகட்டியது. போன விரிவுரையின் தேநீர் இடைவேளையில் முன்வரிசைக்காரர் கட்லட் எல்லாவற்றையும் முடித்துவிட, எனக்கு வெறும் தட்டுக் கிடைத்த சோகத்தை விவரித்தேன். கல்வியில் சமத்துவம் வருவது வரட்டும், முதலில் கட்லட்டில் வரட்டும் என்று தீர்ப்பும் வழங்கினேன். என் பகிடிக்கு நானே சிரித்தேன். கீழே பேராசிரியை பத்து நிமிடமாக என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது.

கேள்வி நேரம் வந்தது. என் கூண்டுக்கு நேர் கீழே, மேலிருந்து என் கண்ணுக்குத் தெரியாத பின்வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்து நடைபாதைக்கு வந்தார். நாற்பது வயதிருக்கும். கழுத்தில் ஹெட்போன் தொங்கியது.

நான் கண்ணாடியில் நெற்றி முட்ட எட்டிப் பார்த்தேன்.

"வணக்கம் மிஸ். நான் கொட்டாஞ்சேனையில இருந்து வாறேன், தையல் கடையில வேலை" என்று தமிழில் தொடங்கினார். "என் மகள் ஓஎல் பரீட்சை பாஸ். மெட்ஸ் படிக்கணும்னு நிக்கிறா. ஸ்கூல்ல தமிழ் மீடியத்துக்கு மெட்ஸ் டீச்சர் இல்ல, ஆர்ட்ஸ் எடுங்கன்னு ஃபோம் குடுத்திருக்காங்க. திங்கக்கிழம நான் கையெழுத்து வைக்கணும். இங்க மிஸ் திரையில காட்டின ஒரு படத்துல மெட்ஸ்னு எழுதியிருந்திச்சு. ஆனா அந்த நேரம் மேல இருக்கிற சேர், ஒருத்தரும் கேக்கல்லன்னு சொன்னாரு. நான் கையத் தூக்கிக் காட்டினேன். அவருக்குத் தெரியல்ல போல. அப்புறம் கட்லட் கதை சொன்னாரு. அது முடியிறதுக்குள்ள மிஸ் வேற படத்துக்குப் போயிட்டாங்க. அதைத் திரும்பச் சொல்ல ஏலுமா?"

கோபமே இல்லை. பஸ்ஸில் இடம் விடச் சொல்வது போலக் கேட்டார். கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுகமாக இருந்திருக்கும்.

பேராசிரியைக்குத் தமிழ் தெரியாது. பக்கத்துக் கூண்டுப் பெண்மணிக்கும் தெரியாது, நான் ஆங்கிலத்தில் சொன்னால்தான் அவர் சிங்களத்தில் சொல்வார். மண்டபம் முழுக்க என் வாயைப் பார்த்துக் காத்திருந்தது. மயங்கி விழலாமா என்று யோசித்தேன். கூண்டு சின்னது, விழ இடமில்லை. வயரைப் பிடுங்கிவிட்டு மெஷின் பழுது என்று சொல்லலாமா? கேள்வியைக் கொஞ்சம் கழுவித் துடைத்து, "அந்தப் படத்தைத் திரும்பக் காட்டுங்கள்" என்று மட்டும் சொன்னால்? அதற்குள் முன்வரிசையில் தமிழ் தெரிந்த தலைகள் எல்லாம் திரும்பி என் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தன. நான் வீட்டுக்குப் போகுமுன் கதை வெள்ளவத்தைக்குப் போய்விடும். ஆகவே நான் உண்மையைச் சொன்னது வீரத்தால் அல்ல.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பேசுபவர் "நான்" என்றால் நாமும் "நான்" என்றே சொல்லவேண்டும். அப்படியே ஆங்கிலத்தில், மண்டப ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்க, சொல்லிக்கொண்டு போனேன். என் மகள் கணிதம் படிக்க விரும்புகிறாள். மேலே இருப்பவர், ஒருவரும் கேட்கவில்லை என்றார். நான் கையைத் தூக்கிக் காட்டினேன்.

அந்த இடத்தில் நிறுத்தினேன். தண்ணீர் குடித்துவிட்டு மிச்சத்தைச் சொன்னேன், கட்லட் உட்பட. ஓரிருவர் சிரித்தார்கள். பேராசிரியை சிரிக்கவில்லை. தலைமை வகித்தவர் கடிகாரத்தைத் தட்டிக் காட்டியும் கேளாமல் அந்தப் படத்துக்குத் திரும்பிப் போனார். பள்ளியில் ஒரு பிரிவு இல்லாவிட்டால், அது இருக்கிற வேறு பள்ளிக்குப் பிள்ளை விண்ணப்பிக்கலாம், வலயக் கல்வி அலுவலகத்தில் கேளுங்கள், அதுவரை படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள் என்றார். ஒவ்வொரு வசனம் முடிந்ததும் நிறுத்தி, என் கூண்டை நிமிர்ந்து பார்த்து, நான் முடிக்கும்வரை காத்திருந்தார். சிலர் தேநீருக்கு எழுந்து போனார்கள். அந்தப் பெண் ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டே இருந்தார்.

முடிந்ததும் படி இறங்கி ஓடினேன்.

"அக்கா, மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

"பரவால்ல சேர். கதை நல்லாத்தான் இருந்திச்சு. எனக்கு அந்த நேரம் அது தேவப்படல்ல, அவ்வளவுதான்."

"சிங்களத்துக்கு மாத்திக் கேட்டிருக்கலாமே?"

"எனக்குத் தெரிஞ்சது கடைச் சிங்களம் சேர். நூல் வேணும், பட்டன் வேணும். இது கொஞ்சம் பெரிய சிங்களமா இருந்திச்சு."

அலுவலகத்துக்குக் கொடுக்கும் கடிதத்தை அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து பெரிய சிங்களத்தில் எழுதிக் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லச் சொல்லிச் சரிபார்த்தார். என்னை நம்பக் கூடாது என்று அதற்குள் படித்திருந்தார், நியாயம்தானே. திங்கட்கிழமை அவர் கையெழுத்து வைக்கவில்லை. அலுவலகத்துக்கு மூன்று தடவை போனோம், சிங்களத்தில் கதைப்பதற்கு நானும் கூடப் போனேன். பிள்ளைக்கு வேறொரு பள்ளியில் இடம் கிடைத்தது. இரண்டு பஸ் மாறிப் போய்க் கணிதம் படிக்கிறாள்.

அன்று அவர் எழுந்து கேட்டிருக்காவிட்டால், திங்கட்கிழமை அந்தப் படிவத்தில் அம்மாவின் கையெழுத்து விழுந்திருக்கும். அதற்குக் காரணம் நான் என்பது எனக்கே தெரிந்திருக்காது.