என் கைக்குப் போதாத பிடி

அவர் சட்டைப்பையிலிருந்து மடக்குக் கத்தியை எடுத்தார். ரவைகள் கழற்றி மேசையில் வைத்திருந்த என் கைத்துப்பாக்கியின் பிடியில், நான் சிரமப்பட்டு இழுத்து மாட்டியிருந்த சைக்கிள் ரியூப் துண்டை, மீன் வயிற்றைக் கீறுவதுபோல மேலிருந்து கீழாகக் கீறினார். கறுப்பு ரப்பர் பிளந்து நிலத்தில் விழுந்தது. "கம்பனிச் சாமானில கைவைக்கிற வேலை இனி வேண்டாம். உமக்கு ஏலாட்டி வீட்டை இரும்" என்று தமிழில் சொன்னார். பிறகு, சுற்றி நின்று பார்த்துக்கொண்டிருந்த காவலாளிகளின் பக்கம் திரும்பி, பாதுகாப்பு விஷயத்தில் சொந்தத் தங்கையாக இருந்தாலும் விட்டுக்கொடுக்க முடியாது என்று இனிமையான பிரெஞ்சில் விளக்கினார். அவர்கள் மரியாதையோடு தலையாட்டினார்கள். அந்த அறையில் தமிழ் விளங்கியது எங்கள் இருவருக்கு மட்டும்தான்.

மொன்றியலில் வங்கிகளுக்கும் கடைகளுக்கும் பணம் கொண்டுபோகும் கவச வண்டிகளில் நான் அப்போது காவலாளி. அவர் எங்கள் பிரிவின் மேற்பார்வையாளர். மற்றவர்கள் அவரைப் பதவி சொல்லி அழைத்தார்கள். நான் மட்டும் "அண்ணை" என்று அழைக்க வேண்டும் என்று முதல் நாளே கேட்டுக்கொண்டார். அழைத்தேன். அந்தச் சொல்லை இப்போது அவருக்குக் கொடுக்க மனம் வரவில்லை. ஆகவே இங்கே அவர் மேற்பார்வையாளராகவே இருக்கட்டும்.

என் கைகள் பெரியவை. காப்புக் கடைக்காரர்கள் என் மணிக்கட்டைப் பார்த்ததும் உள்ளே போய்ப் பெட்டிகளைக் கிளறுவார்கள். பிறகு வெறுங்கையோடு திரும்புவார்கள். அது எனக்கு ஒருபோதும் குறையாகத் தெரிந்ததில்லை. மூட்டை தூக்கவும், பனியில் புதைந்த காரைத் தள்ளவும் உதவிய கைகள் அவை. ஆனால் கம்பனி தந்த கைத்துப்பாக்கியின் பிடி அவற்றுக்கு மிக மெல்லியதாக இருந்தது. உள்ளங்கையில் நிறையாது. விரல்கள் சுற்றி வந்து ஒன்றின் மேல் ஒன்று ஏறும். சுட்டுவிரல் விசையைத் தாண்டி உள்ளே போய்விடும். ஒவ்வொரு வெடிக்கும் ஆயுதம் கைக்குள் திரும்பும். குண்டுகள் எல்லாம் இலக்கின் வலப்பக்கமாகவே ஒதுங்கின. வருடாந்தச் சுடுதல் சோதனையில் தோற்றேன். இரண்டாவது தடவையும் தோற்றால் ஆயுதம் வைத்திருக்கும் அனுமதி போய்விடும். அதோடு வேலையும் போய்விடும். கோட்-டெ-நெய்ஜில் ஒரு சிறிய வீட்டில் அம்மாவும் நானும் மகளும் இருந்தோம். விடியமுன் நான் வேலைக்குப் போக, அம்மாதான் பிள்ளையைக் கார்டெரி என்ற பகல்நேரக் காப்பகத்தில் கொண்டுபோய் விடுவாள். மூவருக்கும் உழைப்பவள் நான் ஒருத்தி.

பிடி மெல்லியதாக இருக்கிறது, தடிப்பாக்க ஏதும் வழி உண்டா என்று மேற்பார்வையாளரிடம்தான் முதலில் கேட்டேன். ஆயுத அலுமாரியின் சாவி அவரிடம் இருந்தது.

"அப்பிடி ஒண்டும் எங்களிட்ட இல்லை," என்றார். என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். "ஆம்பிளைக் கையை வைச்சுக்கொண்டு ஆம்பிளையளைப் போல சுடத் தெரியேல்லை. பொம்பிளையளுக்கு இது சரிவராதெண்டு நான் முதலே சொன்னனான்."

நான் கையை இழுத்துக்கொண்டேன். அதற்குப் பிறகுதான் அந்த ரியூப் துண்டைத் தேடிப் பிடித்து மாட்டினேன். பயிற்சியில் குண்டுகள் நடுவை நோக்கி வரத் தொடங்கின. அவர் அதைக் கவனித்தார். அடுத்த நாள் கத்தியை எடுத்தார்.

இரண்டாவது சோதனை லவாலில், உள்ளரங்கச் சுடுதளம் ஒன்றில் நடந்தது. கம்பனிக்கு வெளியிலிருந்து வந்த ஒரு கியூபெக் பெண் அதை நடத்தினாள். மேற்பார்வையாளருக்கும் அன்றைக்குத்தான் வருடாந்தச் சோதனை. அவர் முதலில் சுட்டார், நன்றாகவே சுட்டார். முடிந்ததும் ஆயுதத்தை வெறுமையாக்கி, திறந்த நிலையில் பலகையில் வைத்தார். நான் பக்கத்துத் தடத்தில் நின்றேன். சும்மா பார்த்த பார்வை அங்கேயே நின்றுவிட்டது. அவருடையதும் என்னுடையதும் ஒரே வகை. ஆனால் அவருடைய பிடியின் பின்புறம் புடைத்து, திரண்டு நின்றது. என்னுடையது தட்டையாக இருந்தது.

அவருடைய கைகளும் பெரியவை என்பதை அன்றுதான் கவனித்தேன். தன் கைக்கு என்ன தேவை என்று அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. என் கைக்கும் அதுதான் தேவை என்பதும் தெரிந்திருந்தது. அவர் என்னை அவமதித்ததெல்லாம் தமிழில். நான் தமிழை அங்கே விட்டுவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி பிரெஞ்சில் கேட்டேன்: "அவருடைய பிடி ஏன் தடிப்பாக இருக்கிறது? எனக்கு ஏன் அப்படித் தரவில்லை?"

அந்தப் பெண் இரண்டையும் வந்து பார்த்தாள். இந்த வகையோடு சிறியது, நடுத்தரமானது, பெரியது என்று பிடியில் மாட்டும் பின்புறத் துண்டுகள் பெட்டியிலேயே வரும், ஆணியைத் தட்டி எடுத்து மாற்றினால் சரி என்றாள். "உங்களுக்கு யாரும் சொல்லவில்லையா?" என்று கேட்டாள். நான் மேற்பார்வையாளரைப் பார்த்தேன். துண்டுகள் எங்கோ தவறிவிட்டதாக நினைத்தேன் என்றார் அவர். அப்படியென்றால் இப்போதைக்கு உங்களுடையதைக் கழற்றித் தாருங்கள் என்றாள் அவள். அவர் கழற்றினார். ஆணி வெளியே வர நேரமெடுத்தது. அவருடைய காதுகள் சிவந்திருந்தன.

அவருடைய துண்டைப் போட்டுக்கொண்டு நான் சுட்டேன். பிடி உள்ளங்கையை நிறைத்தது. விரல் விசையில் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தது. தேறினேன். அடுத்த நாள் காலை அவர் ஆயுத அலுமாரியைத் திறந்து, பொலித்தீன் உறை பிரிக்காத ஒரு புதுத் துண்டை எடுத்துத் தனக்கு மாட்டிக்கொண்டார். நான் பார்க்கிறேன் என்று தெரிந்தும்தான் மாட்டினார்.

அவருக்கு ஒன்றும் நடக்கவில்லை. மறந்துவிட்டேன் என்றார், கம்பனி ஏற்றுக்கொண்டது. அவர் ஓய்வு பெறும்வரை சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூ பக்கத்து நீண்ட வண்டி ஓட்டம் எனக்கே வந்தது, பனிப்புயல் நாட்களில் தவறாமல். நான் வேலையை விடவில்லை. விடுவேன் என்று அவர் காத்திருந்தது தெரியும், அதற்காகவே நின்றேன்.

போன கோடையில் ஒரு கல்யாண மண்டபத்தில் அவரைக் கண்டேன். நரைத்திருந்தார். மேசையைச் சுற்றி அவருடைய ஆட்கள். என்னைக் கண்டதும் கைதட்டிக் கூப்பிட்டு, அவர்களுக்கு அறிமுகப்படுத்தினார்.

"இவ என்னோட வேலை செய்தவ. முதல் சோதனையில பெயில். பேந்து நான்தான் துவக்கின்ர பிடியை மொத்தமாக்கிக் குடுத்து, பாஸ் பண்ண வைச்சனான். என்ன பிள்ளை?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தபடி, நான் நன்றி சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். இங்கே எல்லோருக்கும் தமிழ் விளங்கும்.

"இல்லை," என்றேன். "மொத்தமான துண்டை உங்கட துவக்கில போட்டுக்கொண்டு, அப்பிடி ஒண்டும் இல்லையெண்டு எனக்குச் சொன்னனீங்கள். என்ர வேலை போகட்டுமெண்டு பாத்துக்கொண்டு நிண்டனீங்கள்."

அவர் பெரிதாகச் சிரித்தார். "பகிடி விடுறா."

"பகிடியில்லை."

"சரி, சரி, பழசை விடும். கையைக் குடும்," என்று கையை நீட்டினார்.

நான் கொடுக்கவில்லை. அந்தப் பெரிய கை மேசைக்கு மேலே கொஞ்ச நேரம் தனியே நின்றது. பிறகு, அதற்காகத்தான் நீட்டியதுபோல, தண்ணீர்க் கிளாசை எடுத்தது. நான் மகளைக் கூட்டிக்கொண்டு சாப்பிடப் போனேன்.