சாவியக்கா எடுத்த ஒரு நாள் லீவு

சாவியக்காவிடம் இருந்தது ஒரே ஒரு சாவிதான். அதுவும் எந்தப் பூட்டுக்கும் சேராது. இடுப்புயர இரும்புக் கம்பி, மேலே குறுக்காக ஒரு கைப்பிடி, அடியில் சதுரமாக ஒரு வாய். தெருவோரத்துக் குழியின் மூடியைத் தூக்கி, உள்ளே இருக்கும் வால்வின் தலையில் அதை மாட்டித் திருகினால் தெருவுக்குத் தண்ணீர் வரும். திருப்பித் திருகினால் நிற்கும். விடிந்தும் விடியாததுமாக அதைத் தோளில் சாய்த்துக்கொண்டு அவள் நடந்து வருவதைப் பார்த்தால், யாரையோ அடிக்கத்தான் போகிறாள் என்று புதிதாகக் குடிவந்தவர்கள் ஒதுங்கி நிற்பார்கள். பாதி உண்மைதான். அவள் யாரோடும் சண்டை போடாத நாள் குறைவு.

திருகினால் வருகிறது, இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பவர்கள் ஒருமுறை அவள் பின்னால் நடந்து பார்த்திருக்க வேண்டும். அவள் பொறுப்பில் இருந்தது சரிவான பகுதி. கீழ்த்தெருக்களுக்குத் தண்ணீர் தானாக ஓடும். மேட்டுத்தெருவுக்கு ஏற வேண்டுமென்றால் தொட்டியில் பாதியாவது நிறைந்திருக்க வேண்டும், கீழே உள்ள வால்வெல்லாம் மூடியிருக்க வேண்டும். அவளுக்கு முன்னால் வேலை பார்த்த மனிதர் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறந்துவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். மேட்டில் குழாய் வெறும் காற்றைத் துப்பும். சாவியக்கா வந்ததும் முறையை மாற்றினாள். காலையிலும் சாயங்காலமும் முதலில் மேடு, பிறகுதான் பள்ளம். அதோடும் விடவில்லை. மேட்டுத்தெருவின் கடைசி வீடு ஒரு தையல்காரம்மாவுடையது. வால்வைத் திறந்துவிட்டு மூச்சிரைக்க ஏறிப் போய், அந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் விழுவதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் இறங்குவாள்.

"உசரத்துல குடியிருந்தா பெரிய ஆளுன்னு நினைச்சீங்களா? தண்ணி விஷயத்துல அவங்கதான் கடைசி ஆளு. டிரம் வைக்கக்கூட அங்க இடம் கிடையாது" என்பாள், முணுமுணுக்கும் கீழ்த்தெருக்காரர்களிடம். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் யாரும் இல்லை. ஊருக்கு ஒழுங்காகத் தண்ணீர் கொடுக்க நல்ல மனசு மட்டும் போதாது, நல்ல வாயும் வேண்டும் என்பதை நான் அவளிடம்தான் பார்த்தேன்.

இப்படிப்பட்டவளுக்கு ஒரு விஷயத்தில் மட்டும் வாய் அடைத்துப் போகும். அது அவள் மகள் விஷயம்.

ஊரிலிருந்து பஸ்ஸில் போனால் மதியத்துக்குள் சேர்ந்துவிடும் தூரத்தில் ஓர் இடிந்த நகரம் இருந்தது. பழங்காலத்து ராஜாக்கள் வாழ்ந்தது. இப்போது சுவரும் தூணும்தான் மிச்சம். மகள் சின்ன வகுப்பில் படித்தபோது பள்ளிக்கூடத்திலிருந்து அம்மாக்களோடு சேர்த்து அங்கே கூட்டிப்போனார்கள். சாவியக்காவும் வருவதாகச் சொல்லியிருந்தாள். அன்று விடிகாலையில் பெரிய குழாய் உடைந்து, ரொட்டிக்கடைச் சந்து குளமாகிவிட்டது. சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் நின்றவள், "கண்ணு, நீ மட்டும் போயிட்டு வாடா" என்றாள். புதுச் சட்டை போட்டு, தலை சீவி, தண்ணீர் பாட்டிலோடு நின்றிருந்த மகள், "பரவாயில்லம்மா" என்றாள்.

அழுதிருந்தால்கூடச் சமாதானம் சொல்லியிருக்கலாம். பரவாயில்லை என்று சொல்லிவிட்ட பிள்ளையை என்ன செய்வது? சாயங்காலம் சேற்றுக்காலோடு வந்த அம்மாவை உட்காரவைத்து, பார்த்ததையெல்லாம் மகள் சொன்னாள். கூரையே இல்லாத அரண்மனை. தண்ணீர் இல்லாத குளத்துக்குள் இறங்கும் படிகள். ஒரு காது உடைந்த சிங்கம். அந்தச் சிங்கத்தைச் சாவியக்கா மறக்கவே இல்லை. "எம் பொண்ணு பாத்திருக்கா, ஒரு காது இல்லாத சிங்கம்" என்று வால்வுக்குழியில் குனிந்தபடியே எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறாள்.

அந்த மகள் இப்போது நர்ஸ். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை கிடைத்து, ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறப்போகிறாள். திரும்பி வர எத்தனை வருஷம் ஆகுமோ. பெட்டி கட்டிக்கொண்டே, அம்மாவைப் பார்க்காமல் கேட்டாள்.

"அம்மா, போறதுக்கு முன்னாடி ஒரு நாள் எங்கூட வர்றியா? இடிஞ்ச ஊரைப் பாத்துட்டு வரலாம். வெள்ளிக்கிழமை. காலைல போயிட்டு ராத்திரி வந்துடலாம்."

"வெள்ளிக்கிழமையா? தண்ணி..." என்று ஆரம்பித்த சாவியக்கா பாதியில் நிறுத்தினாள். மகளின் முதுகைப் பார்த்தாள். "சரிடா. வர்றேன்" என்றாள்.

லீவு கேட்டபோது ஆபீஸில் அதிகாரி, "யாருக்கு?" என்று கேட்டார். "எனக்குத்தான்" என்றதும் எழுந்து நின்றுவிட்டார். மாற்று ஆள் இல்லை என்று அவர் கையை விரிக்க, அவள் தன் கணவரை நிறுத்திவைப்பதாகச் சொன்னாள். அவர் கடைகளுக்குப் போர்டு எழுதுகிறவர். மெல்லிய பிரஷ்ஷைப் பிடித்த கை. ஒரு வாரம் அவரைக் கூடவே இழுத்துக்கொண்டு அலைந்தாள்.

"இவ்வளவு வேகமாத் திருகாதீங்க, குழாய் அதிரும். குழந்தையைத் தூங்க வைக்கிற மாதிரி மெதுவா."

"குழந்தையை நான்தானே தூங்க வெச்சேன்? நீ எங்க வீட்ல இருந்த?" என்றார் அவர். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவள் அடுத்த குழியின் மூடியைத் தூக்கினாள்.

சாவியக்கா ஊருக்குப் போகிறாள் என்ற செய்தி பரவியது. வியாழக்கிழமை காலையில் கீழ்த்தெரு முழுவதும் வாசலில் நின்று அவளை வாழ்த்தியது. ரொட்டிக்கடைக்காரர் வழியில் சாப்பிடப் பெரிய ரொட்டி ஒன்றைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார். இத்தனை வருஷமாக அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்கூட, "நல்லபடியா போயிட்டு வாங்கக்கா. இன்னிக்கு மட்டும் கொஞ்ச நேரம் கூட விடுங்களேன்" என்று கொஞ்சினார்கள். திட்டினால் திருப்பித் திட்டத் தெரிந்தவளுக்குக் கொஞ்சினால் என்ன செய்வதென்று தெரியவில்லை. நெஞ்சு இளகிப்போய் வால்வை மூடாமல் விட்டாள். அந்த வேலைக்கு வந்ததிலிருந்து அவள் செய்த ஒரே தப்பு அதுதான்.

அவர்களுக்கு அவள்மேல் பாசம் இருந்தது நிஜம். அதைவிட, போர்டு எழுதுகிறவர் நாளைக்கு என்ன செய்யப்போகிறாரோ என்ற பயமும் இருந்தது. டிரம், வாளி, அண்டா, சமையலறைக் கிண்ணம், குழந்தை குளிக்கும் தொட்டி என்று ஒன்றுவிடாமல் நிரப்பிவைத்தார்கள். பந்திக்கு முந்துவதில் நம் ஜனங்களை மிஞ்ச ஆள் உண்டா?

சாயங்காலம் மேட்டுக்குத் தண்ணீர் விடப் போனவள், பெரிய தொட்டியின் வெளியே இருக்கும் அளவுக்கோலைப் பார்த்து அப்படியே நின்றாள். தொட்டி வற்றிக் கிடந்தது. இந்த மட்டத்தில் மேட்டுக்கு ஒரு சொட்டு ஏறாது. ராத்திரி முழுக்க மோட்டார் ஓடினாலும் பாதித் தொட்டிதான் நிறையும். அதைக் கொண்டு நாளைக் காலையில் மேட்டையும் பள்ளத்தையும் சமாளிக்க வேண்டுமென்றால், ஒவ்வொரு வால்வாகத் திறந்து, மூடி, ஏறி இறங்கிப் பார்க்க அவளே இருந்தாக வேண்டும். கணவருக்கு அது வராது.

வீட்டுக்கு வந்தாள். மகள் இரண்டு பேருக்கும் மாற்று உடை, தொப்பி, குடை எல்லாம் ஒரே பையில் எடுத்துவைத்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு... தொட்டி காலியாயிடுச்சுடா. மேட்டுல இன்னிக்கே தண்ணி இல்ல. நாளைக்கு..."

மகள் பையிலிருந்து ஒரு தொப்பியை எடுத்து வெளியே வைத்தாள்.

"பரவாயில்லம்மா."

அதே குரல். புதுச் சட்டையும் தண்ணீர் பாட்டிலுமாக வாசலில் நின்ற அதே குரல்.  சாவியக்கா அந்தத் தொப்பியை மறுபடியும் பைக்குள் திணித்தாள். சாவியைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே நடந்தாள்.

கீழ்த்தெருவின் முதல் வீட்டுக் கதவைச் சாவியின் கைப்பிடியால் தட்டினாள்.

"பிடிச்சு வெச்சதுல பாதியை எடுத்துக்கிட்டு மேட்டுக்கு நடங்க."

"என்னக்கா திடீர்னு?"

"திடீர்னுதான். அங்க குழந்தைங்க இருக்கு, குடிக்கத் தண்ணி இல்ல. இன்னொண்ணும் கேட்டுக்கோங்க. நாளைக்குக் காலைல கீழ்த்தெருவுக்குத் தண்ணி கிடையாது. தொட்டில இருக்கிறது அத்தனையும் மேட்டுக்குத்தான். எங்க வீட்டுக்காரருக்கு ஒரே ஒரு வால்வைத்தான் காட்டிட்டுப் போறேன், அவருக்கு அதுதான் தெரியும். இத்தனை வருஷமா நான் உங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல. இப்பக் கேக்கறேன். எம் பொண்ணோட ஒரு நாள் போகணும்."

கடைசி வார்த்தையில் குரல் உடைந்துவிட்டது. சாவியக்காவின் குரல் உடைந்து அந்தத் தெரு கேட்டதில்லை. ரொட்டிக்கடைக்காரர்தான் முதலில் இரண்டு கையிலும் வாளியோடு இறங்கினார். பிறகு ஒவ்வொரு வீடாகத் திறந்தது. விளக்கு வைக்கும் நேரத்தில், சரிவில் ஒரு ஊர்வலம் போல ஆண்களும் பெண்களும் தண்ணீர் தளும்பத் தளும்ப ஏறினார்கள். பாதி வழியிலேயே பலருக்கு மூச்சு வாங்கியது. அவள் தினமும் ஏறுகிற ஏற்றம் எவ்வளவு என்று அன்றைக்குத்தான் அவர்களுக்குத் தெரிந்தது. உச்சியில் தையல்காரம்மா எல்லோருடைய வாளியையும் வாங்கி வீடு வீடாகப் பங்கிட்டாள். பிறகு சாவியக்காவின் தோளிலிருந்து சாவியை இறக்கிச் சுவரோரம் சாய்த்தாள்.

"சாவியை உன் வீட்டுக்காரர் வந்து எடுத்துக்கட்டும். காலைல இங்க தண்ணி வருதான்னு நான் பாத்துக்கறேன். நீ ஏறி வந்தீன்னா கதவைத் திறக்க மாட்டேன்" என்றாள்.

வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஜன்னலோரம் மகள், பக்கத்தில் சாவியக்கா. சாவி இல்லாத தோள் வெறிச்சென்று இருக்கிறது என்று இரண்டு தடவை தேய்த்துவிட்டுக்கொண்டாள்.

இடிந்த நகரம் அவள் நினைத்ததைவிடப் பெரியது. கூரை போன மண்டபங்களுக்குள் வெயில் தாராளமாக விழுந்திருந்தது. எல்லோரும் சிம்மாசன மேடையைப் போட்டோ எடுத்தபோது, சாவியக்கா ஒரு குளத்தின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மடைக்கல்லின் ஓட்டைக்குள் கையை விட்டுப் பார்த்தாள்.

"இங்கயும் ஒருத்தி இருந்திருப்பா பாரு, அடைக்கவும் திறக்கவும்" என்றாள். "பாவம், ராஜாகிட்ட எப்படி லீவு கேட்டாளோ."

மகள் சிரித்தாள். சாவியக்கா எழுந்து கையைத் துடைத்துக்கொண்டாள்.

"சரி, வா. உன் சிங்கத்தைக் காட்டு."

"எந்தச் சிங்கம்?"

"காது உடைஞ்ச சிங்கம்டி. நீதானே சொன்ன?"

மகள் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது. 

"அம்மா, அன்னிக்கு நான் வரவே இல்ல. பஸ் கிட்ட போனேன். எல்லாரும் அவங்கவங்க அம்மா பக்கத்துல உக்காந்திருந்தாங்க. திரும்பி அப்பா பட்டறைக்குப் போயிட்டேன். நீ சாயங்காலம் கேப்பேன்னு அப்பாதான் ஒவ்வொண்ணா சொல்லிக் குடுத்தார். சிங்கம் ஒரு கடைக்காக அவர் எழுதிட்டிருந்த போர்டு. காது பக்கம் பெயின்ட் பத்தலை."

சாவியக்கா படியில் உட்கார்ந்துவிட்டாள். மகளும் பக்கத்தில் உட்கார்ந்து அம்மாவின் தோளில், சாவி பதிந்து காய்த்துப்போன அந்த இடத்தில், தலையைச் சாய்த்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். மறைக்கவில்லை.

அந்த நேரம் பார்த்துச் சாவியக்காவின் போன் அடித்தது. கணவர்தான். குரலில் ஒரே பெருமை.

"காலைல இருந்து லைனே கிடைக்கல. மேட்டுக்குத் தண்ணி ஏறிடுச்சு! கடைசி வீடு வரைக்கும்! தையல்காரம்மாவே சொல்லிட்டாங்க!"

"அதை விடுங்க" என்றாள் சாவியக்கா. தண்ணீரைப் பற்றி இன்னொருவர் பேசும்போது அவள் குறுக்கே வெட்டியது அதுவே முதல் தடவை. "அந்தச் சிங்கத்துக்கு எந்தக் காதுங்க உடைஞ்சிருந்தது?"

 தயங்கித் தயங்கி, "இடது காது" என்றார் அவர்.