நாற்காலிக்கு முன்னால் ஹெலன்

எங்கள் காலனியில் எந்த வரிசையிலும் ஹெலனுக்கு முன்னால் யாரும் நிற்க முடியாது. ரேஷன் கடைக்குச் சர்க்கரை வந்தால் முதல் பை அவளுடையது. கம்பெனி பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் சீட்டில் வேறு யாராவது உட்கார்ந்துவிட்டால் அன்றைக்கு பஸ் கிளம்பாது. மாதா கோயிலில் நன்மை அப்பம் வாங்க அவள் எழுந்து போகிற வேகத்தைப் பார்த்து ஃபாதரே ஒருமுறை பூசை நடுவில் சிரித்துவிட்டார்.

நான் கல்பனா, அவளுடைய பக்கத்து வீட்டுக்காரி. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் இரண்டு பேரும் ஒரே லைன். அவள் லைன் லீடர், நான் அவளிடம் தினமும் திட்டு வாங்குகிறவள். ஆகவே அவளைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடையாது.

அவளுடைய அம்மா அப்பா பூவராகவன் ஐயாவின் வயலில் நடவும் அறுப்பும் செய்தவர்கள். ஹெலன் பத்தாவது முடித்த கையோடு, "நான் சேத்துல கால் வெக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கம்பெனிக்குப் போனாள். கல்யாணமும் அப்படித்தான். பெண் பார்க்க வந்த அந்தோணி அண்ணன் வாயைத் திறப்பதற்குள், "எனக்குப் புடிச்சிருக்கு" என்று இவள் சொல்லிவிட்டாள். அவர் அன்றைக்கு மூடிய வாயை இன்னும் முழுசாகத் திறக்கவில்லை.

இப்பேர்ப்பட்ட ஹெலனால் பிடிக்க முடியாத முதலிடம் ஒன்றே ஒன்று. எங்கள் ஊர் வாக்குச்சாவடியின் முதல் ஓட்டு.

அதற்கு ஒரு பெரிய சரித்திரம் உண்டு. பூவராகவன் ஐயா அதைச் சொல்லாத தேர்தல் கிடையாது. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில், முப்பத்தேழாம் வருஷத் தேர்தலில், எல்லாருக்கும் ஓட்டு இல்லை. சொத்து, வரி என்று கணக்குப் பார்த்துச் சிலருக்குத்தான் கொடுத்தார்கள். எங்கள் ஊரில் அப்படி ஓட்டு இருந்தவர் ஐயாவின் தாத்தா மட்டும். வில்வண்டி கட்டிக்கொண்டு பொன்னேரிக்குப் போனாராம். போட்டியிட்ட ஆளுக்கொரு நிறத்தில் பெட்டி வைத்திருந்தார்களாம். எந்த நிறத்தில் போட்டார் என்பதைச் சாகும்வரை வீட்டில்கூடச் சொல்லவில்லையாம். ஊரின் முதல் ஓட்டு அது என்று ஐயா மீசையைத் தடவுவார். ஊரின் மொத்த ஓட்டும் அதுதான் என்பதை மட்டும் வசதியாக விட்டுவிடுவார்.

அந்தத் தொகுதி இப்போது இல்லை. அதன் பெயர் என்ன என்று கேட்டால் ஐயாவே தேர்தலுக்குத் தேர்தல் வேறு பெயர் சொல்வார். சுதந்திரம் வந்தது, எல்லாருக்கும் ஓட்டு வந்தது, தொகுதி எல்லைக் கோட்டை எத்தனையோ தடவை அழித்து அழித்துப் போட்டார்கள். பெட்டி போய் முத்திரை குத்தும் சீட்டு வந்தது, சீட்டு போய் மெஷின் வந்தது. ஐயா வீட்டு முதல் ஓட்டு மட்டும் ஆடாமல் அசையாமல் இருந்தது. முந்தின நாள் சாயங்காலமே பள்ளிக்கூட வாசலில், கதவுக்கு நேராக, அவர் வீட்டு மர நாற்காலி வந்துவிடும். மேலே ஒரு பச்சைத் துண்டு. ஆண்கள் வரிசை, பெண்கள் வரிசை இரண்டும் அதற்குப் பின்னால்தான் தொடங்கும். காலையில் ஐயா வருவார், உட்காருவார், கதவு திறந்ததும் போய்ப் போடுவார், தெருமுனையில் சரவெடி வெடிக்கும். அப்புறம்தான் ஊருக்குத் தேர்தல். எந்தச் சட்டத்திலும் இது இல்லை. இத்தனை வருஷத்தில் யாரும் ஒரு வார்த்தை கேட்டதும் இல்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

போன தேர்தலில் ஹெலன் துணிந்து நாற்காலிக்கு முன்னால் போய் நின்றாள். தெருவில் ஐயா வருவது தெரிந்தது. அவர் பேசவில்லை, இவளைப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அவர் வந்து சேரும்போது ஹெலன் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள்.

"யாரும் இன்னாவும் சொல்லலடி கல்பனா. எங்காலு தானா பின்னால வந்துச்சி. எங்கம்மா காலு மாதிரியே வந்துச்சி. அதான் வயிறு எரியுது" என்றாள் அன்று பஸ்ஸில். முதல் சீட்டில் உட்கார்ந்துகொண்டுதான் சொன்னாள், ஆனால் அழுதுவிட்டாள்.

இந்தத் தேர்தல் தேதி வந்ததும் பயிற்சியை ஆரம்பித்தாள். அந்தோணி அண்ணன் தோளில் பச்சைத் துண்டு போட்டுக்கொண்டு, மீசையைத் தடவிக்கொண்டு, வாசலிலிருந்து அடுப்படிவரை நடந்து வரவேண்டும். இவள் நகராமல் நிற்கவேண்டும். பாவம் அந்த மனுஷன், சாப்பாடு போடும்வரை நடந்தார். "இந்த தபா நவுந்தேன்னா என் பேரு ஹெலன் இல்ல" என்று சத்தியம் வேறு.

ஓட்டுநாள் அன்று பொழுது புலரும்போதே போய்விட்டோம். போனால், ஐயா ஏற்கெனவே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்! நடந்து வருகிறவருக்கு முன்னால் நகராமல் நிற்கத்தான் ஹெலன் பழகியிருந்தாள். உட்கார்ந்திருக்கிறவரைத் தாண்டிப் போகப் பழகவில்லை. நாற்காலிக்கு ஒரு அடி பின்னால் அவள் கால் நின்றுவிட்டது. அவள் முகத்தைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

ஐயா குஷியாக இருந்தார். முழங்கால் வலி என்பதால் இந்தத் தடவை முதல் ஓட்டு உரிமையை மகன் அன்புசெல்வனுக்குக் கொடுத்துவிட்டாராம். திருநின்றவூரில் ஃப்ளாட் வாங்கி, சென்னைக்கு ரயிலில் வேலைக்குப் போகிற பையன்; ஓட்டு மட்டும் ஊரில். யாரும் முந்தக்கூடாது என்று அவனை ஒரு கட்சிக்குப் பூத் ஏஜெண்டாகவே உள்ளே உட்கார வைத்துவிட்டார்.

உள்ளே அதிகாரி ஏஜெண்டுகளை மெஷின் பக்கத்தில் கூப்பிட்டார். "அழுத்துங்க சார்" என்றார். அன்புசெல்வன் பாய்ந்து போய் அழுத்தினான். பீப் என்று சத்தம் வந்தது. செல்போன் உள்ளே கூடாது என்பதால் ஜன்னலுக்கு ஓடிவந்து கையைத் தூக்கிக் காட்டினான்.

"வுழுந்துச்சிடா!" என்று ஐயா எழுந்தார். தெருமுனையில் வெடி வெடித்தது. தெரு முழுக்கப் புகை, நாய்கள் ஒரு பக்கம் ஓட, கோழிகள் ஒரு பக்கம் ஓட, ஐயா வீட்டு ஆள் ஜெகன் நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு முன்னே நடக்க, ஐயா நாஷ்டா சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்.

ஹெலன் காலியான இடத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "வாடி, ஊட்டுக்குப் போலாம்" என்றாள்.

அப்போது உள்ளே மறுபடி பீப். இன்னொரு பீப். அப்புறம் விடாமல் பீப் பீப். ஓட்டுப்போட யாரையும் இன்னும் உள்ளே விடவில்லையே என்று வரிசையே முழித்தது. கொஞ்ச நேரத்தில் அதிகாரி வெளியே வந்தார். "மெஷின் சரியா இருக்கான்னு ஏஜெண்டுங்களை வெச்சு சோதிச்சுப் பாத்துட்டோம். அதையெல்லாம் அழிச்சாச்சு. ஏழு மணிக்கு நிஜ ஓட்டு ஆரம்பம். அமைதியா நில்லுங்க" என்றார்.

அப்புறம் ஹெலன் கத்தினாள் பாருங்கள்: "ட்ரையல் பீஸா!"

எங்கள் கம்பெனியில் காலையில் மெஷின் போட்டதும் வருகிற முதல் பீஸ்களைச் சிவப்புத் தொட்டியில் வீசிவிடுவோம். அன்புசெல்வனின் சரித்திரப் புகழ்பெற்ற ஓட்டு அந்தத் தொட்டிக்குத்தான் போனது. உள்ளே இன்னொரு கட்சி ஏஜெண்டாக இருந்த எங்கள் காலனி எட்வர்ட் மாமாவுக்கு இது பழகின வேலை. அன்புசெல்வன் கையைத் தூக்கிக் காட்டும்போதே அவருக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்காமல் தாடையைச் சொறிந்துகொண்டு இருந்தாராம். அவருக்கு நான் ஒரு பிரியாணி வாங்கிக் கொடுக்கவேண்டும்.

ஹெலன் ஒரே தாவில் நாற்காலி இருந்த இடத்துக்குப் போய்விட்டாள். நான் அவளுக்குப் பின்னால். ஆண்கள் வரிசையில் முதலில் நின்றது அந்தோணி அண்ணன். அதிகாரி அவரைப் பார்த்து, "வாங்க, நீங்க முதல்ல வர்றீங்களா?" என்று கேட்டுவிட்டார்.

அண்ணனுக்கு வியர்த்துவிட்டது. "சார், நான் முன்னால போனேன்னா திரும்ப ஊட்டுக்குப் போவ முடியாது சார்" என்றார். கல்யாணமானதிலிருந்து அவர் பேசியதில் அதுதான் நீளமான வாக்கியம் என்று நினைக்கிறேன். வரிசை முழுக்க வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது.

அதற்குள், ஏஜெண்டும் வெளியே வரிசையில் நின்றுதான் ஓட்டுப்போடவேண்டும் என்று தெரிந்துபோய், ஜன்னலில் அன்புசெல்வன் கத்த ஆரம்பித்தான். "நைனா! யாராச்சும் நைனாவ கூப்டுங்க! அது டெஸ்டாம்!"

சேதி எப்படியோ போய்ச் சேர்ந்தது. கையில் இட்லி ஈரம் காயாமல் ஐயா வந்தார். பின்னாலேயே ஜெகன், தலையில் நாற்காலி. பழக்கதோஷத்தில் அவன் அதைக் கொண்டுவந்து கதவுக்கு நேராக, ஹெலனுக்கு முன்னால் வைத்தான். துண்டையும் விரித்தான்.

சிரிப்பு அடங்கிவிட்டது. எல்லாரும் ஹெலனைப் பார்த்தார்கள். நான் அவள் காலைப் பார்த்தேன். வலது கால் விரல்கள் செருப்புக்குள் சுருண்டு நிமிர்ந்தன. நகராதேடி, நகராதேடி என்று என் மனசு அடித்துக்கொண்டது.

"ஐயா, காலு வலிச்சா உக்காருங்க" என்றாள். "நாற்காலிய மட்டும் என் பின்னால போடச் சொல்லுங்க."

"ஊரு வழக்கம் தெரியாதா உனக்கு?" என்றார் ஐயா.

"தெரியும்ங்க. வழக்கப்படி வெடிகூட வெச்சிட்டீங்களே."

பெண்கள் வரிசையில் யாரோ கொல்லென்று சிரித்தார்கள். அதிகாரி சமாதானமாக, "பெரியவரே, வயசானவங்களுக்கு முன்னுரிமை உண்டு. அப்படிக் கேளுங்க, நானே உள்ள கூட்டிட்டுப் போறேன்" என்றார். எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

ஆனால் ஐயாவின் மீசைக்கு முந்தின நாள்தான் கறுப்புச் சாயம் அடித்திருந்தது. "யாருக்கு வயசு?" என்று சீறினார். "எங்க ஊட்டு ஓட்டு வயசானவங்க கோட்டாலயா போவணும்? இன்னா பேஜாரு இது! ஜெகன், நாற்காலிய பின்னால போடுடா!"

ஜெகன் போட்டான். ஐயா ஹெலனுக்குப் பின்னால் உட்கார்ந்தார். எனக்கு முன்னால். கதவு திறந்தது, ஹெலன் போனாள், நீளமாக ஒரு பீப் கேட்டது. காலனி முழுக்க விசிலடித்தது. அடுத்த ஓட்டு ஐயா. மூன்றாவது நான். மூன்றாவது ஓட்டு பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஐயா உள்ளே இருக்கும்போது ஹெலன் வெளியே படியில் பொத்தென்று உட்கார்ந்திருந்தாள். மை வைத்த விரலைத் தூக்கிப் பிடித்தபடி அழுகிறாள், சிரிக்கிறாள்.

"எங்காலைப் பாத்தியாடி? நவுந்துச்சா?"

"நவுரலக்கா."

"கொஞ்சங்கூட?"

"கொஞ்சங்கூட இல்லக்கா."

அப்போது ஐயா வெளியே வந்தார், மகனிடம், "இன்னா ஆனாலும் வெடி நம்முளுதுடா" என்று சொல்லிக்கொண்டே. அவர் இறங்கவேண்டிய படியில் நடுவில் ஹெலன் உட்கார்ந்திருந்தாள். அவரைப் பார்த்ததும் சட்டென்று எழுந்திருக்கப் போனாள். பாதி எழுந்தவள் அப்படியே நின்றாள். பிறகு மெதுவாக மறுபடி உட்கார்ந்துகொண்டாள்.

ஐயா அவளைச் சுற்றிக்கொண்டு இறங்கிப் போனார்.